உங்கள் பூத் எப்படி ஓட்டுப் போட்டது? படிவம் 20-ஐப் படிக்கும் வழி

"எங்க ஏரியா அந்தக் கட்சிக் கோட்டை சார்" என்று சொல்லாத ஆளைக் காரைக்குடி டீக்கடைகளில் நான் பார்த்ததில்லை. அது நிஜமா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு பென்சில், ஒரு அடிஸ்கேல், இரண்டு மாலைப் பொழுது போதும். வாத்தியார் வேலையில் இருந்தவரை பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் வாக்காளர் பட்டியலில் உங்கள் பாக எண்ணை, அதாவது உங்கள் பூத்துக்குரிய பட்டியலின் எண்ணைப் பாருங்கள். அதன் முதல் பக்கத்திலேயே எந்தெந்தத் தெரு அந்தப் பாகத்தில் வருகிறது என்று இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் தொகுதியின் படிவம் 20-ஐ இறக்கி அச்செடுங்கள். ஒவ்வொரு பூத்திலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு, நோட்டாவுக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கும். வரி தவறாமல் இருக்கத்தான் அடிஸ்கேல். தபால் ஓட்டு மட்டும் தொகுதி முழுவதற்கும் சேர்த்துக் கடைசியில் வரும், அதைத் தெருவோடு சேர்க்க முடியாது.

பூத் எண்ணை நம்பி இரண்டு தேர்தல்களை ஒப்பிடாதீர்கள். 2021-இல் கொரோனாவுக்காகப் பூத்துகளைப் பிரித்ததில் தமிழ்நாட்டில் சுமார் 88 ஆயிரம் சாவடிகள் இருந்தன. 2024-இல் சுமார் 68 ஆயிரம்தான். அதனால் எண்ணை விட்டுவிட்டுத் தெருப் பெயரைப் பிடியுங்கள். பிரித்த பூத்துகளைக் கூட்டிய பிறகு, பதிவான ஓட்டில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. அந்த இயந்திரத்தில் எந்தச் சின்னங்கள் இருந்தன என்று எழுதுங்கள். எங்கள் காரைக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களிலும் 2019, 2024 மக்களவைத் தேர்தல்களிலும் திமுக கூட்டணியில் இங்கே நின்றது காங்கிரஸ். 2019-இலும் 2021-இலும் அதிமுக அணியில் நின்றது பாஜக. ஆக அந்த இரண்டு தேர்தலிலும் உதயசூரியனும் இல்லை, இரட்டை இலையும் இல்லை. கைச் சின்னத்தில் விழுந்ததெல்லாம் காங்கிரஸ் ஓட்டு என்றோ, தாமரையில் விழுந்ததெல்லாம் பாஜக ஓட்டு என்றோ எப்படிச் சொல்வது? 2024-இல் இலை தனியாக வந்தது. அந்த வருடத்தையும் 2019-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இலைக்காரர்கள் எவ்வளவு பேர் என்று ஓரளவாவது தெரியும்.

2019 ஏப்ரல் 18 அன்று எனக்கு மானாமதுரைத் தொகுதியில் பணி. அதுவும் காரைக்குடி மாதிரியே சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் வருவதுதான். மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் அன்றே நடந்ததால் இரண்டு இயந்திரங்கள். மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே போன ஒரு அப்பத்தா, மறைப்புக்குப் பின்னாலிருந்து, "ஏய்யா, இதுல இலையக் காணமே?" என்று சத்தமாகக் கேட்டார். ஏஜெண்டுகள் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். "உங்களுக்குப் பிடிச்சதுல அழுத்துங்க அப்பத்தா" என்பதைத் தவிர நான் வேறெதுவும் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பீப் கேட்டது. இரண்டாவது இயந்திரத்தில் அவர் தேடவே இல்லை.

சிவகங்கை மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வென்றது, அதற்குள்ளேயே இருக்கிற மானாமதுரை சட்டமன்றத் தொகுதியில் அதிமுக வென்றது. அதே நாள், அதே மக்கள். இரண்டு படிவங்களையும் பூத் வாரியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், "கோட்டை" என்று பேசுவதற்கே தயக்கம் வரும்.

உள்ளாட்சித் தேர்தலைத் தனியாக வையுங்கள். அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. நகராட்சியில் உண்டு என்றாலும், கல்யாணம் காட்சிக்கு முன்னால் வந்து நிற்கிற ஆளுக்குத்தான் பாதி ஓட்டு.

ஓட்டுப்பதிவு குறைவாக இருந்தால் உடனே "வெறுப்பு" என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் பக்கம் பூட்டிய வீடுகள் அதிகம். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். இன்ன சாதி இன்ன கட்சிக்குப் போட்டது என்பதையும் படிவம் 20 சொல்லாது. அது பூத்தின் மொத்தக் கணக்கு, அவ்வளவுதான்.

ஒரு தேர்தல் முடிந்த பிறகு இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தெரு நமக்குப் போடல" என்று ஒருவர் சொன்னதை நேரில் கேட்டிருக்கிறேன். அந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வர ரொம்ப நாளானது. பல பூத்துகளின் ஓட்டைக் கலந்து எண்ணும் 'டோட்டலைசர்' முறையைத் தேர்தல் ஆணையம் கேட்டும் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதனால் கணக்குப் போட்டு முடித்ததும் தெருப் பெயர் எழுதிய தாளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் வார்டு மொத்தத்தை மட்டும் காட்டுங்கள்.