பிரிட்டிஷ் சீரியல் கில்லர் நாவல்: எழுதுகிறவர்கள் இடறும் இடங்கள்

மழை, நீளக் கோட்டு, விட்டுப்போன மனைவி, இரவெல்லாம் விஸ்கி. மேலதிகாரி கேஸை விடச் சொல்வார், துப்பறிவாளர் விடமாட்டார். இப்படி ஒற்றை ஆளை அலையவிடுவதுதான் முதல் தவறு. இங்கிலாந்தில் கொலை விசாரணை ஒரு பெரிய குழுவின் வேலை. வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வருவார்கள். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் கதையே அந்தக் காகிதக் குவியலுக்குள்தான் கிடக்கிறது.

யார்க்‌ஷயர் வழக்கைப் பாருங்கள். 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபை, பிடிபடும் முன்பே போலீஸ் 9 முறை விசாரித்து அனுப்பியிருந்தது. அவனைப் பற்றிய குறிப்புகள் அட்டைகளில் இருந்தன. ஒரு அட்டையில் இருந்ததை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கத்தான் வழியில்லை. அட்டைகளின் பாரத்துக்காக லீட்ஸ் காவல் நிலையத்தில் தரையையே பலப்படுத்த வேண்டியிருந்தது. 1979இல் கொலைகாரன் பேசுவதாக ஒரு கேசட் வந்தது. பேச்சில் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்துப் பக்கத்து வாடை. அவ்வளவுதான், அப்படிப் பேசாதவர்களைக் கழித்துக்கட்ட ஆரம்பித்தார்கள். கேசட் யாரோ செய்த மோசடி. அதற்குப் பிறகும் 3 பெண்கள் செத்தார்கள். 1981 ஜனவரியில் அவன் சிக்கியது ஷெஃபீல்டில், போலி நம்பர் பிளேட்டு மாட்டிய காரில், ரோந்து வந்த சாதாரணக் காவலர்களிடம். இந்தப் பாடத்துக்குப் பிறகு வந்த கணினி அமைப்புக்கு ‘ஹோம்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். குறும்புதான்!

அப்புறம், கொலைகாரனை விடுகதை போடும் மேதையாக்குவது. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. ஹைடு என்ற ஊரின் குடும்ப டாக்டர் ஹரால்டு ஷிப்மேன் 2000இல் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். பிந்தைய விசாரணை கண்டறிந்த எண்ணிக்கை 215. புதிர் ஒன்றும் இல்லை. நோயாளிகள் நம்பிக் கை நீட்டினார்கள், அவர் ஊசி போட்டார், இறப்புச் சான்றிதழிலும் அவரே கையெழுத்திட்டார். மாட்டிவிட்டது, ஒரு நோயாளியின் பெயரில் அவர் உருவாக்கிய போலி உயில்.

டிஎன்ஏ வந்தால் கதை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 1987இல் லெஸ்டர்ஷயரில் கொலைகாரனைத் தேடி ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். கொலைகாரன் காலின் பிட்ச்ஃபோர்க் தன் பெயரில் உடன் வேலை பார்த்தவரை அனுப்பிவிட்டான். அந்த ஆள் பப்பில் உளறியது வேறொருவர் காதில் விழாவிட்டால் தப்பித்திருப்பான்.

சட்ட விஷயங்களில் சறுக்குவது அமெரிக்கப் படங்களின் உபயம். இங்கிலாந்து நீதிபதி சுத்தியல் தட்டமாட்டார். துப்பறிவாளர் இடுப்பில் துப்பாக்கி இருக்காது. கொலை வழக்கில் பிடித்தவரைக் குற்றம் சாட்டாமல் 24 மணி நேரம் வைத்திருக்கலாம், மேலதிகாரி அனுமதித்தால் 36, நீதிமன்றம் போனால் அதிகபட்சம் 96. இந்தக் கடிகாரமே நல்ல சஸ்பென்ஸ்; வீணாக்காதீர்கள். ஆனால் இந்த மணிக்கணக்கு, போலீஸ் காவலுக்கு வரம்பு வைத்த 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய கதைக்கு. ஸ்காட்லாந்து என்றால் சட்டமே வேறு.

கடைசியாக, செத்தவர்களை வெறும் எண்ணிக்கையாக விட்டுவிடுவது. யார்க்‌ஷயரில் பாலியல் தொழிலாளிகளை ஒரு தட்டிலும் ‘அப்பாவிப் பெண்களை’ இன்னொரு தட்டிலும் வைத்துப் பேசினார்கள். சட்கிளிஃப் இறந்த 2020இல்தான், அந்தப் பேச்சுக்காக மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறை குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது.