மருத்துவமனைக்கு நாயைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

எங்கள் கறுப்பு லேப்ரடார் மணிக்கு ஆறு வயது. நியூ ஜெர்சியில் வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனைக்குப் புதன்கிழமை மாலைகளில், நோயாளிகளுக்கு ஆறுதலாக இருக்க, அவனும் நானும் போகிறோம். 'எங்க நாயும் சாதுதான், கூட்டிப்போகலாமா?' என்று தோழிகள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

சாதுவாக இருந்தால் மட்டும் போதாது. புது மனிதர் தொட வரும்போது, நாய் தானாக ஒரு அடி முன்னே போக வேண்டும். பொறுத்துக்கொண்டு நிற்கிற நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம் பதிவு. இப்படிப் போகும் நாய்களைப் பதிவு செய்கிற பெட் பார்ட்னர்ஸ் போன்ற அமைப்புகள் நாயையும் உங்களையும் ஜோடியாகத்தான் சோதிப்பார்கள். நாய்க்கு ஒரு வயதாவது முடிந்திருக்க வேண்டும், தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். பச்சை இறைச்சி சாப்பிடும் நாயைச் சேர்க்க மாட்டார்கள். அதில் இருக்கும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நோயாளிகளுக்கு ஆபத்து.

வீட்டில் பழக்க வேண்டியது முக்கியமாக இரண்டு. ஒன்று, சத்தம். நான் சமையலறையில் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டு, மணி திரும்பிப் பார்த்துவிட்டு அமைதியானதும் கேரட் துண்டு கொடுப்பேன். இன்னொன்று, 'விடு' என்றால் விடுவது. அறைத் தரையில் மாத்திரை உருண்டு கிடக்கும்.

போவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டி, நகம் வெட்டுங்கள். அறைக்குள் நுழையும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். தனிமைப்படுத்தல் பலகை மாட்டிய அறைக்குள் போகவே கூடாது. தொடுகிறவர்கள் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். கட்டிலில் ஏற்றுவதென்றால், நர்ஸிடமும் கேட்டுவிட்டு, புது விரிப்பு போட்டு ஏற்றுங்கள். முகத்தையோ காயத்தையோ நக்க விடாதீர்கள். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே பேசக் கூடாது. போட்டோவும் வேண்டாம்.

இதெல்லாம் விதிகள், படித்தால் வந்துவிடும். கஷ்டமானது, எல்லோரும் நோயாளியைப் பார்க்கும்போது நீங்கள் நாயைப் பார்ப்பது. தூக்கம் இல்லாமலே கொட்டாவி, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணில் வெள்ளை தெரிவது, எல்லாமே 'எனக்குப் போதும்' என்பதுதான். ஒருநாள் மணி மூன்று தடவை கொட்டாவி விட்டான். இன்னும் ஒரே ஒரு அறை என்று நான் கூட்டிப்போனேன். கட்டிலருகே போனதும் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவனைத் தொடக் கையை நீட்டிய நோயாளி அம்மா மெதுவாக அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. பெட் பார்ட்னர்ஸ் விதிப்படி ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான் உச்ச வரம்பு. நான் மணியை ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே வைத்திருப்பதில்லை.

சாய்வு நாற்காலியில் போனும் சார்ஜருமாக உட்கார்ந்திருக்கும் நோயாளியின் மகளையோ கணவரையோ விட்டுவிடாதீர்கள். நோயாளி தூங்கினாலும், 'நீங்கள் தொட்டுப் பார்க்கிறீர்களா?' என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். அவர்களைப் பற்றி நாள் முழுக்க யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் நர்ஸ்கள். நான் ஏழு மணி ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்துத்தான் போவேன். ஒரு நர்ஸ் கழுத்து அட்டையைக் கழற்றித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்காருவார். மணி அவர் தொடையில் தாடையை வைப்பான். அவர் அவன் காதை விரலால் மடித்து மடித்து விடுவார். பேச மாட்டார். நீங்களும் பேசாதீர்கள், வாரைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். அவர் எழும்வரை அடுத்த அறை காத்திருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் வாரைக் கழற்றி, பாதங்களைத் துடைத்து, தண்ணீர் வையுங்கள். மணி அப்படியே கதவோரம் படுத்துத் தூங்கிவிடுவான். நான் அன்றைக்கு விருந்தாளி யாரையும் கூப்பிடுவதில்லை.