சத்துணவு எந்தத் தொடக்கப் பள்ளியில் கிடைக்கும்? கண்டறியும் வழி

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் பலர், ஆங்கில வழி உண்டா, பஸ் வருமா என்றெல்லாம் உரக்கக் கேட்பார்கள். மதியச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி மட்டும் கடைசியில், தயங்கித் தயங்கி வரும். இதில் கூச்சப்பட எதுவுமில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 அதைக் குழந்தையின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அது எந்தப் பள்ளியில் கிடைக்கும், எப்படிப் பெறுவது, நின்றுபோனால் எங்கே போவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: பள்ளி எந்த வகை என்று பாருங்கள்

முக்கால்வாசி வேலை இதில் முடிந்துவிடும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அரசுப் பணம் என்றால் சத்துணவு உண்டு. நிர்வாகமே கொடுக்கிறது என்றால் இல்லை.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் முதல் வகை. இவற்றில் குழப்பம் வராது. குழப்பம் வருவது அரசு உதவி பெறும் பள்ளிகளில்தான். ஆர்.சி. தொடக்கப் பள்ளி, டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளி என்று பெயர்ப்பலகையைப் பார்த்தவுடன் "இது தனியார் பள்ளி, சாப்பாடு இருக்காது" என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். நடத்துவது மறைமாவட்டமாகவோ அறக்கட்டளையாகவோ இருக்கலாம். ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அங்கும் சத்துணவு உண்டு.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் நர்சரி பிரைமரி, மெட்ரிகுலேஷன் பள்ளிகள். அங்கீகாரம் வேறு, நிதியுதவி வேறு. அங்கீகாரம் என்பது பள்ளி நடத்த அனுமதி. அதற்கும் அடுப்புக்கும் சம்பந்தமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் அங்கே இடம் கிடைத்தாலும் மதிய உணவுக்கு டிபன் டப்பாதான்.

உதவி பெறும் பள்ளியில் இன்னொன்றையும் கேளுங்கள்: குழந்தை சேரும் பிரிவு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே வளாகத்தில் இரண்டும் நடப்பதுண்டு. பின்னதில் கட்டணமும் இருக்கும். சேர்க்கை ரசீது கைக்கு வருவதற்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

படி 2: இணையத்தில் சரிபாருங்கள்

பள்ளிக்குப் போய்க் கேட்க முடியாதவர்களுக்கு, நாட்டின் பள்ளிகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் யூடைஸ் பிளஸ் (UDISE+) என்ற அரசு இணையதளம் இருக்கிறது. நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுடையது 33 என்று தொடங்கும். பள்ளியின் பெயரையோ எண்ணையோ கொடுத்துத் தேடி, நிர்வாகம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறுவது, உதவி பெறாத தனியார் என்று இருக்கும். வேறெதையும் பார்க்க வேண்டாம்.

படி 3: பெயர் கொடுங்கள்

சேர்க்கையின்போதே தலைமை ஆசிரியரிடம் "என் பிள்ளை சத்துணவு சாப்பிடுவாள்" என்று சொல்லிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை எதுவும் இதற்குத் தகுதி அல்ல. அந்தப் பள்ளியில் படிப்பதே தகுதி. முட்டை சாப்பிடாத குழந்தை என்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள், வாழைப்பழம் தருவார்கள்.

காலை உணவும் சேர்த்துக் கேளுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை மட்டும். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. ஆறாம் வகுப்புக்குப் போனால் காலை உணவு நின்றுவிடும். மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை தொடரும். அதில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கான செலவு முழுவதும் மாநில அரசுடையது.

படி 4: ஒரு நாள் மதியம் நேரில் போய்ப் பாருங்கள்

சேர்த்தாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மணியடிக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் போய் நில்லுங்கள். தட்டில் விழுவதற்கு முன் ஓர் ஆசிரியர் உட்படப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அது நடக்கிறதா என்று பாருங்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி, 450 கலோரி, 12 கிராம் புரதம் என்பது கணக்கு. கண்ணால் கலோரியை அளக்க முடியாது. ஆனால் சாம்பாரில் பருப்பு கரண்டியில் தட்டுப்படுகிறதா, முட்டை ஆளுக்கொன்று முழுதாக வருகிறதா என்பதை யாரும் பார்க்கலாம். பள்ளி வேலை நாட்களில் வாரம் ஐந்து முட்டை என்பது 2010 முதல் நடைமுறை. மையத்தைக் கவனிக்கும் சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். குறை சொல்லவே வந்தவர் போல் நிற்காதீர்கள். புகையில் நின்று சமைப்பவர்கள் அவர்கள்.

படி 5: சாப்பாடு நின்றால்

1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஆரம்பக் கல்வி நிதியை அதற்குச் செலவிட ஆங்கில அரசு மறுத்ததால் ஐந்தாறு ஆண்டுகளில் அது நின்றுபோனது. இன்று நிதியில்லை, ஆளில்லை என்று அப்படி நிறுத்த முடியாது. 2015 மதிய உணவு விதிகளின்படி, பள்ளி நாளில் உணவு தரப்படவில்லை என்றால் அதற்குரிய தானியமும் சமையல் செலவும் உணவுப் பாதுகாப்புப் படியாக, அதாவது உணவுக்குப் பதிலான ஈடாக, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் குழந்தைக்குச் சேர வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாட்களோ, மாதத்தில் ஐந்து நாட்களோ நின்றால் யார் பொறுப்பு என்று அரசு முடிவுசெய்தாக வேண்டும்.

முதலில் தலைமை ஆசிரியர், அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. அங்கே தீராவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவு. அதற்கும் மேலே மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு). திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100இலும் புகார் பதியலாம்.

எழுத்தில் பதில் வேண்டுமென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: இந்த மாதம் தேதிவாரியாக வருகை எத்தனை, சாப்பிட்டவர் எத்தனை, வழங்கிய முட்டை எத்தனை? 30 நாளில் பதில் தர வேண்டும்.