ஃப்ரெஞ்ச்ல "செய்யப் போறேன்"னு சொல்றது எப்படி? ஃப்யூத்யூர் ப்ரோஷ், ஸ்டெப் பை ஸ்டெப்

ஃப்ரெஞ்ச் படிக்க ஆரம்பிச்சவங்க எதிர்காலம்னாலே பயப்படுறாங்க, ஆனா "செய்யப் போறேன்"னு சொல்ற இந்த ஃப்யூத்யூர் ப்ரோஷ்ங்கற எதிர்கால வடிவம் தமிழ் ஆளுங்களுக்கு ரொம்ப ஈஸி, ஏன்னா நாம தினமும் பேசுறதே இப்படித்தான். "சாப்பிடப் போறேன்"னு சொல்றோம்ல, அதுல "சாப்பிட" மாறாம அப்படியே நிக்குது, ஆளுக்கு ஏத்த மாதிரி மாறுறது "போ" மட்டும்தான்: போறேன், போற, போறாங்க. ஃப்ரெஞ்ச்லயும் அதே கதைதான். "போ"ங்கற வேலைய அலேங்கற வெர்ப் செய்யுது, வரிசை மட்டும் திரும்பிக்கும். ஜ வே மான்ஜே. நான், போறேன், சாப்பிட. அவ்ளோதான்.

முதல் ஸ்டெப்: அலேவோட நிகழ்கால வடிவங்கள்

இத மனப்பாடம் பண்ணியே ஆகணும், வேற வழியில்ல:

ஜ வே (நான்)
த்யூ வா (நீ)
இல் வா, எல் வா, ஓன் வா (அவன், அவ, பேச்சுல நாம)
நூ ஸலோன் (நாங்க, நாம)
வூ ஸலே (நீங்க)
இல் வோன், எல் வோன் (அவங்க)

ஜ-வ நம்ம ஜன்னல் ஜ மாதிரி சொல்லாதீங்க, ட்ரெஷர்னு சொல்றப்போ நடுவுல வருமே, அந்த சத்தம். நூ, வூ ரெண்டுக்கும் கடைசில எழுதுற எஸ் தனியா இருந்தா ஒலிக்காது, ஆனா அடுத்து அலோன், அலேன்னு உயிர் ஒலி வர்றதால முழிச்சுக்கிட்டு இசட் சத்தமா வெளிய வரும், நான் ஸ-ன்னு எழுதியிருக்கிறது அந்த இசட்தான். அலோன், வோன் ரெண்டுலயும் கடைசி ன் மூக்குலயே நின்னுடணும், நாக்கு மேல போய் தொடக்கூடாது.

அவன், அவங்க ரெண்டுமே காதுக்கு "இல்"தான், அதனால வா-வா வோனா-ங்கறத வச்சுதான் ஒரு ஆளா பல பேரான்னு தெரியும். அத தெளிவா சொல்லுங்க. எழுதும்போது த்யூவுக்கு வர்ற வா-வுல மட்டும் கடைசில எஸ் போடணும், இல், எல், ஓன் மூணுக்கும் எஸ் கிடையாது.

ரெண்டாவது ஸ்டெப்: மெயின் வெர்ப்ப அப்படியே வைங்க

டிக்‌ஷனரில எப்படி இருக்கோ அப்படியே. பார்லே, ஃபினீர், ப்ரோந்த்ர், எதுவா இருந்தாலும் சரி, ரெகுலரா இர்ரெகுலரான்னு யோசிக்கவே வேணாம், இதுதான் இந்த டென்ஸோட பெரிய வசதி. எல் வா ஃபினீர், அவ முடிக்கப் போறா. இல் வோன் பார்லே, அவங்க பேசப் போறாங்க.

இங்கதான் எழுதுறதுல நெறைய பேர் மாட்டுறாங்க. மான்ஜேங்கற சத்தத்துக்கு ஃப்ரெஞ்ச்ல பல ஸ்பெல்லிங் இருக்கு, கடைசில இ-ஆர் வந்தாலும் மான்ஜே, இ-இசட் வந்தாலும் மான்ஜே, மேல கோடு போட்ட இ வந்தாலும் மான்ஜேதான். அதுலயும் வூ ஸலே மான்ஜேன்னு எழுதும்போது அலே இ-இசட்ல முடியுதேன்னு கை தானா அடுத்ததுக்கும் இ-இசட் போட்டுடும். கூடாது. அலேவுக்கு அடுத்து வர்ற மான்ஜே எப்பவுமே இ-ஆர்தான்.

மூணாவது ஸ்டெப்: "இல்ல"ன்னு சொல்றது

ஃப்ரெஞ்ச்ல "இல்ல"ன்னு சொல்ல ந, பா-ன்னு ரெண்டு வார்த்தை, ரெண்டும் அலேவோட ரெண்டு பக்கமும் போய் உக்காரும். ஜ ந வே பா மான்ஜே. நாமளும் "சாப்பிடப் போறதில்ல"ன்னு போ-வோடதான் இல்லைய ஒட்டுறோம், அதே லாஜிக். பேச்சுல ந-வ முழுங்கிட்டு ஜ வே பா மான்ஜேன்னு சொல்றது ரொம்ப சகஜம், ஆனா எக்ஸாம்ல ந போட்டே எழுதுங்க.

கேள்வி கேட்க ஒண்ணும் மாத்த வேணாம், குரல ஏத்தினா போதும், இல்லன்னா முன்னாடி "எஸ்க"ங்கற கேள்வி வார்த்தைய சேத்துக்கங்க: எஸ்க த்யூ வா வனீர்? நீ வரப் போறியா?

நாலாவது ஸ்டெப்: குட்டி வார்த்தைகள் எங்க போகும்

"அத", "அவன" மாதிரி வார்த்தைங்க எல்லாம் மெயின் வெர்ப்புக்கு முன்னாடி, அலேவுக்கு அப்புறம். ஜ வே ல ஃபேர், நான் அத செய்யப் போறேன். ஸ லவே, அதாவது எந்திரிக்கிறது மாதிரி வெர்ப்ல அந்த ஸ ஆளுக்கு ஏத்தபடி மாறும், இத மறக்கவே கூடாது: ஜ வே ம லவே, த்யூ வா த லவே, நூ ஸலோன் நூ லவே. ஜ வே ஸ லவேன்னு சொன்னா தப்பு.

எப்ப யூஸ் பண்றதுன்னா, கண்ணு முன்னாடி நடக்கப் போறது, ஏற்கனவே முடிவு பண்ணது, ரெண்டுக்கும். வானம் இருட்டிருச்சுன்னா இல் வா ப்லவ்வார், மழை வரப்போகுது. ப்ரோஷ்னா பக்கம்னு அர்த்தம்தான், அதுக்காக அஞ்சு நிமிஷத்துக்குள்ள நடக்கணும்னு இல்ல, அடுத்த வருஷ ப்ளானுக்கும் தாராளமா சொல்லலாம்.

ஒரு விஷயம் பாத்துக்கங்க, ஜ வே ஆ லா போஸ்த்-னா சும்மா போஸ்ட் ஆஃபீஸ் போறேன்னுதான், அது நிகழ்காலம். பின்னாடி இன்னொரு வெர்ப் வந்தாதான் ஃப்யூத்யூர் ப்ரோஷ்.

இப்ப இந்த மூணையும் பேப்பர்ல எழுதிப் பாருங்க: நாங்க நாளைக்கு பாரிஸ் போகப் போறோம். அவ தூங்கப் போறதில்ல. நீங்க அத வாங்கப் போறீங்களா?

விடை: நூ ஸலோன் அலே ஆ பாரீ தமேன் (ஆமா, அலே ரெண்டு தடவ வரும், அது சரிதான்). எல் ந வா பா தோர்மீர். வூ ஸலே லாஷ்தே? கடைசில ல-வும் ஆஷ்தேயும் ஒட்டிக்கிச்சு பாருங்க, உயிர் ஒலிக்கு முன்னாடி அது அப்படித்தான் ஒட்டும்.