ஏசி 20 காட்டினால் போதாது: துல்லிய அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பொறியியல் முடித்த பிள்ளைகள் பலர் இப்போது கேலிப்ரேஷன் லேபுகளுக்கு, அதாவது அளவுகளையும் அளக்கும் கருவிகளையும் சரிபார்க்கும் ஆய்வகங்களுக்கு, வேலைக்கு வருகிறார்கள். ஆய்வு மாணவர்களும் சாம்பிளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் செட்டு செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஜீரோ பார்க்காமல் மைக்ரோமீட்டரை (திருகி அளக்கும் கருவி) எடுப்பது, வெர்னியரைக் கோணலாகப் பிடிப்பது போன்றவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை. முதல் வாரத்திலேயே யாராவது அதட்டித் திருத்திவிடுவார்கள். யாரும் அதட்டாததால் வருஷக்கணக்கில் தொடரும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அறை குளிர்ந்துவிட்டது, ஜாப் குளிரவில்லை

இதைப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். காரணம், தவறு செய்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. ஜாப், அதாவது அளக்க வரும் பொருளை, செய்து கொடுத்தவர்தான் சாகிறார்.

அக்னி நட்சத்திர வெயிலில், கப்பலூர் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து 80 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் ஷாஃப்ட்டுகள் (உருளைத் தண்டுகள்) ஒரு லேபுக்கு வந்தன. டிராயிங்கில் எச்6 (h6) டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற எல்லை. விட்டம் 80.000-க்கு மேல் போகக்கூடாது, 79.981-க்குக் கீழே இறங்கக்கூடாது. மொத்தமே 19 மைக்ரான் இடம் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). பட்டறையின் கிரைண்டிங் ஆபரேட்டர் தன்னுடைய மைக்ரோமீட்டரில் பார்த்து 79.992 என்று எழுதி அனுப்பியிருந்தார். லேபில் இருந்த பையன் ஷாஃப்ட்டை வண்டியிலிருந்து இறக்கினான், எண்ணெயைத் துடைத்தான், நேராக மேஜையில் வைத்து அளந்தான். 80.008. ஓவர்சைஸ் என்று எழுதி ரிஜெக்ட் செய்துவிட்டான்.

ஆபரேட்டர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏசி அறையும் சான்றிதழும் உள்ள லேபை விட்டுவிட்டு அவரை யார் நம்புவார்கள்? ஷாஃப்ட்டுகள் திரும்பிப் போயின. லேப் சொன்ன கணக்கை வைத்து 13 மைக்ரான் கூடுதலாகக் கிரைண்டிங் அடித்தார்கள். மறுபடி வந்த லாட் சாயங்காலம் வந்து சேர்ந்ததால், ராத்திரி முழுக்க லேபிலேயே கிடந்தது. காலையில் அளந்தால் 79.979. அண்டர்சைஸ். அரைத்த உலோகத்தைத் திருப்பி ஒட்டவைக்க வழியில்லை. லாட் முழுக்க ஸ்கிராப்புக்குப் போனது.

கணக்கைப் பாருங்கள். ஸ்டீல் ஒரு டிகிரி சூடானால் மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். வெளியே 38 டிகிரியில் கிடந்த ஷாஃப்ட்டுக்கும் 20 டிகிரிக்கும் வித்தியாசம் 18. விட்டம் 80 மி.மீ. என்றால் விரிவு 16 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே. பையன் படித்த 80.008-லிருந்து அதைக் கழித்துப் பாருங்கள், ஆபரேட்டர் எழுதிய 79.992-க்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஏசி இல்லாத பட்டறையில் அவருக்கு எப்படிச் சரியாக வந்தது என்று பலர் கேட்கிறார்கள். அவருடைய மைக்ரோமீட்டரும் ஸ்டீல், ஷாஃப்ட்டும் ஸ்டீல். இரண்டும் காலையிலிருந்து ஒரே சூட்டில் ஒன்றாகக் கிடந்தவை. இரண்டும் சம அளவில் விரிந்திருந்ததால் வித்தியாசம் அடிபட்டுப் போனது. லேபில் மைக்ரோமீட்டர் 20-இல் இருந்தது, ஷாஃப்ட் 38-இல் இருந்தது. குளிர்ந்த கருவியால் சூடான ஜாப்பை அளப்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை.

இன்னொன்று. அந்தப் பையனுடைய நோட்டில் மூன்று ரீடிங் இருந்தது. முதலில் 80.008, கொஞ்ச நேரம் கழித்து 80.006, அப்புறம் 80.005. எண் ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போகிறது. ஜாப் கண்ணெதிரே சுருங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"ஏசி 20 காட்டுச்சு சார்."

"ஏசி காட்டுனது காத்தோட சூடு தம்பி. ஷாஃப்ட்டைத் தொட்டுப் பாத்தியா?"

தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் கையே சொல்லியிருக்கும்.

20 டிகிரி என்பது ஏதோ வசதிக்காக ஒரு லேப் வைத்துக்கொண்ட எண் கிடையாது. எடை, அளவுகளுக்கான பன்னாட்டுக் குழு 1931-இல் தொழில்துறை நீள அளவுகளுக்கு இதையே அடிப்படை வெப்பநிலையாக ஏற்றுக்கொண்டது. ஐஎஸ்ஓ அமைப்பு வெளியிட்ட தரநிலைகளில் முதல் எண் பெற்றதும் இதுதான். டிராயிங்கில் 80.000 என்று போட்டிருந்தால், 20 டிகிரியில் 80.000 என்றுதான் அர்த்தம். நம் ஊரில் மார்கழி மாதத்தில்கூடப் பகலில் அந்தச் சூடு தானாக வராது. அதனால் குளிர் நாட்டு லேபுகளைவிட நாம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஜாப்பையும் அதோடு ஒப்பிடப்போகும் ஸ்லிப் கேஜையும் (துல்லிய நீளமுள்ள அளவுக் கட்டை) சர்ஃபேஸ் பிளேட்டின் (சமதளக் கிரானைட் பலகை) மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சின்ன ஜாப்புக்குச் சில மணி நேரம், கனமான ஜாப்புக்கு ஒரு ராத்திரி. அட்டைப்பெட்டிக்குள்ளோ, தெர்மாகோல் மேலோ வைத்தால் சூடு இறங்காது. காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ஜாப்பின் மேலேயே சென்சாரை ஒட்டிப் பாருங்கள். நோட்டில் காற்றின் சூடு, ஜாப்பின் சூடு, ஜாப் உள்ளே வந்த நேரம் என மூன்று கட்டம் இருக்கட்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் இன்னும் ஜாக்கிரதை. சாயங்காலம் கரண்ட் வந்ததும் ஏசியைப் போட்டால், அரை மணி நேரத்தில் சுவரில் இருக்கும் டிஸ்பிளே 20-க்கு வந்துவிடும். பகல் முழுக்கச் சூடு குடித்த கிரானைட் பிளேட் அவ்வளவு சீக்கிரம் வராது. அதன் மேல் வைத்த கேஜும் வராது. அன்றைக்கு நீள அளவு வேலையை எடுக்காதீர்கள். கஸ்டமர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

"சூட்டை அளந்து, ஃபார்முலாவில் கழித்துவிட்டால் ஆச்சே" என்பார்கள். ஒரு டிகிரி, அரை டிகிரி வித்தியாசத்துக்குத் தாராளமாகக் கழிக்கலாம். 18 டிகிரிக்குக் கழிக்காதீர்கள். 11.5 என்ற எண் ஸ்டீலின் ரகத்துக்கு ரகம் மாறும். அதில் 10 சதவீதம் பிசகினாலே, இந்த ஷாஃப்ட்டில் 1.6 மைக்ரான் சந்தேகம் வந்து உட்காரும். அலுமினியம் என்றால் விரிவு ஏறத்தாழ இரண்டு மடங்கு, டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான். ஸ்டீலுக்கான எண்ணை அலுமினிய ஜாப்புக்குப் போட்டுக் கழித்த ரிப்போர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வு மாணவர்களுக்கும் இதே சூடுதான் எதிரி. ஓவன் அடுப்பிலிருந்து எடுத்த சாம்பிளை அப்படியே கொண்டுபோய் அனலிட்டிக்கல் பேலன்ஸில் (நுண்ணிய ஆய்வகத் தராசு) வைக்கிறார்கள். சூடான சாம்பிளைச் சுற்றியுள்ள காற்று மேலே எழும்பும்போது தட்டையும் சேர்த்துத் தூக்கும், எடை குறைவாகக் காட்டும். டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வைத்து ஆறவிட்டு எடுங்கள். ஈரம் எவ்வளவு போனது என்று கண்டுபிடிக்கும் ஆய்வில், காற்று தூக்கிய எடையையும் ஈரக் கணக்கில் சேர்த்து எழுதினால் முடிவே மாறிவிடும்.

சான்றிதழைப் பீரோவில் பூட்டிவைப்பது

கேலிப்ரேஷன் சான்றிதழ் வந்தால், எல்லோரும் அடுத்த தேதியை மட்டும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் பைலில் போடுகிறார்கள். டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தரத்திலிருந்து சங்கிலி போல இறங்கி உங்கள் மேஜைக்கு வந்து சேரும் தகவல் அந்தத் தாளில் இருக்கும் அட்டவணைதான். 75 மி.மீ. இடத்தில் கருவி 2 மைக்ரான் கூடுதலாகக் காட்டுகிறது என்று அதில் போட்டிருந்தால், அந்த 2-ஐக் கழித்துத்தான் ரீடிங் எழுத வேண்டும். கருவியின் பிழை என்பது ஒன்று, திருத்தம் என்பது அதற்கு எதிர்க்குறி உள்ளது. இரண்டையும் குழப்பிக் கூட்டிவிட்டால், 2 மைக்ரான் பிழை 4 ஆகும். கீழே சந்தேக எல்லை (உண்மை அளவு எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது) என்று கொடுத்திருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் கே = 2 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால், அது ஏறத்தாழ 95 சதவீத நம்பிக்கைக்கான எல்லை.

பத்துத் தடவை எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்புவது

திரும்பத் திரும்ப அளந்தால் சிதறல் குறையும், ஒரே பக்கமாகச் சாயும் பிழை குறையாது. இதற்கு நல்ல உதாரணம் தராசு. எலக்ட்ரானிக் தராசு உண்மையில் உணர்வது புவி இழுக்கும் விசையை. டெல்லியில் அந்த ஈர்ப்பு மதுரையைவிடச் சற்று அதிகம். அங்கே சரிசெய்த தராசை இங்கே கொண்டுவந்து அப்படியே பிளக்கில் செருகினால், ஒரு கிலோவுக்குச் சுமார் 1 கிராம் குறைவாகக் காட்டும். பவுனுக்குக் கிட்டத்தட்ட 8 மில்லிகிராம். தெற்காவணி மூல வீதியில் நகை நிறுப்பவருக்கு இது கவலை தரும் எண். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் ஆய்வகத் தராசில் வேலை செய்பவருக்கோ இது மிகப்பெரிய பிழை. பத்துத் தடவை நிறுத்தால் பத்துத் தடவையும் அதே தவறு அழகாக ஒத்துப்போய் வரும், அந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம்.

தராசை நிறுவிய இடத்தில் சான்று பெற்ற எடைக்கல்லை வைத்துச் சரிசெய்யுங்கள். உள்ளேயே எடைக்கல் உள்ள மாடல் என்றால் அந்தச் சரிசெய்தலை ஓட்டுங்கள். கொடைக்கானலுக்குக் கொண்டுபோனாலும் மறுபடி செய்யத்தான் வேண்டும், மலை ஏறினால் ஈர்ப்பு இன்னும் குறையும். பழைய இரட்டைத் தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு தட்டையும் ஒரே ஈர்ப்புதானே இழுக்கிறது.

ஸ்லிப் கேஜை வெறும் கையால் எடுப்பது

வேண்டாம். கையுறை போடுங்கள், அல்லது இடுக்கியால் எடுங்கள்.

ஒன்றோடொன்று ஒட்டிய ஸ்லிப் கேஜ்களை அப்படியே விட்டு வீட்டுக்குப் போவது

மறுநாள் பிரிக்கும்போது முகம் கீறிப்போகும். வேலை முடிந்ததும் வழுக்கிப் பிரித்து, துடைத்து, வாஸ்லின் தடவிப் பெட்டியில் வையுங்கள்.

டிஸ்பிளே காட்டும் எல்லா இலக்கத்தையும் எழுதுவது

சந்தேகம் 3 மைக்ரான் என்றால் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கை எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

நோட்டில் அழித்து எழுதுவது

ஒரே கோடு, பழைய எண் படிக்கும்படி. பக்கத்தில் புது எண், காரணம், கையெழுத்து, தேதி.