போர்ஷே பாக்ஸ்டர், 911 கார்களில் இருப்பது எந்த ஐ.எம்.எஸ். பேரிங்? இன்ஜின் எண்ணைக் கொண்டு கண்டறியும் முறை

பழைய போர்ஷே ஒன்றை வாங்கப் போகிறவர் விற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, “ஐ.எம்.எஸ். பேரிங் மாற்றியாயிற்றா?” என்பதுதான். ஐ.எம்.எஸ். என்பது இன்ஜினுக்குள் சுழலும் இன்டர்மீடியட் ஷாஃப்ட்; அதைத் தாங்குவதே இந்தப் பேரிங். ஆனால், தொழிற்சாலையில் எந்த வகைப் பேரிங் பொருத்தப்பட்டது என்று தெரியாமல், அதற்கு வரும் பதிலைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. பிரிட்டனில் ஒரு 986 (முதல் தலைமுறை) பாக்ஸ்டரை வாங்குவதற்கு முன்னர் அதன் இன்ஜின் எண்ணைத் தேடிப் படித்து, பின்னர் கிளட்ச் மாற்றிய வேளையில் பேரிங்கையும் நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். காரை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவது போன்றவை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை. வெறும் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், அது போதும்.

எதைத் தேடுகிறோம்?

இந்தக் கார்களின் எம்96, எம்97 வகை இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கும் நடுவே இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்னும் தண்டு சுழல்கிறது. அதன் ஒரு முனையை, ஃப்ளைவீல் இருக்கும் பக்கத்தில், மூடி அடைத்த (சீல் செய்த) ஒரு பேரிங் தாங்குகிறது. அது சிதைந்தால் செயின்களின் டைமிங் தவறி, வால்வுகள் பிஸ்டன்களில் மோதி, இன்ஜின் முழுவதும் வீணாகும்.

இந்தப் பேரிங் மூன்று வடிவங்களில் வந்தது. முதலில் வந்தது, இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்டது. 2000, 2001 மாடல்களின் போது அதன் இடத்துக்குச் சிறிய ஒற்றை வரிசைப் பேரிங் வந்தது. 2005 மாடல் ஆண்டின் நடுவிலிருந்து 2008 வரை, அளவில் பெரிய ஒற்றை வரிசைப் பேரிங் பொருத்தப்பட்டது. அதிகம் பழுதானது நடுவில் வந்த சிறியதுதான். அமெரிக்காவில் கார் உரிமையாளர்கள் போர்ஷே மீது தொடுத்த கூட்டு வழக்கை ஒட்டிப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கின்படி, சிறிய ஒற்றை வரிசையில் பழுதின் அளவு ஏறத்தாழ 8 சதவீதம். இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. 2013இல் எட்டப்பட்ட அவ்வழக்கின் உடன்பாடு 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை தயாரான கார்களை உள்ளடக்கியது.

படி 1: தேவையற்றவற்றைக் கழித்தல்

996 தலைமுறை 911 காரின் டர்போ, ஜி.டி.2, ஜி.டி.3 ஆகிய வகைகளின் இன்ஜின்களும் எம்96/70, எம்96/76, எம்96/79 என்றே பெயர் பெற்றிருப்பதால் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். அவை முற்றிலும் வேறு வடிவமைப்பு. இந்தச் சிக்கல் அவற்றில் இல்லை. 2009 மாடலிலிருந்து வந்த நேரடி எரிபொருள் செலுத்தும் பாக்ஸ்டர், கேமன், 911 கரேரா இன்ஜின்களில் இந்தத் தண்டே கிடையாது.

படி 2: ஆவணங்களை அளவோடு நம்புதல்

சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: வி என்றால் 1997, டபிள்யூ 1998, எக்ஸ் 1999, ஒய் 2000, அதன் பிறகு 1, 2, 3 என எண்கள் வரும். மாடல் ஆண்டு முந்தைய ஆண்டின் கோடையிலேயே தொடங்கிவிடுவதால், 2000 அக்டோபரில் பதிவான கார் 2001 மாடலாக இருக்கக்கூடும். பதினோராவது எழுத்து எஸ் என்றால் ஸ்டுட்கார்ட். யூ என்றால் பின்லாந்தின் ஊசிகௌபுங்கி நகரில் வால்மெட் ஆலையில் தயாரான பாக்ஸ்டர். இதற்கும் பேரிங்குக்கும் தொடர்பில்லை.

பிரிட்டனின் வி5சி பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண் அச்சாகியிருக்கும். ஆனால், இடையில் இன்ஜின் மாற்றப்பட்டு அது பதிவாகாமல் போயிருந்தால் அந்த எண்ணால் பயனில்லை. எனவே, உலோகத்தில் பொறித்த எண்ணைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 3: எண்ணைப் படித்தல்

பெரும்பாலோர் கைவிடும் இடம் இதுவே. எண் இன்ஜினின் அடிப்பக்கத்தில், ஆயில் சம்ப்பை ஒட்டிய கிராங்க்கேஸ் பரப்பில் பொறிக்கப்பட்டிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலான எண்ணெய்ப் பிசுக்கும் சாலைப் புழுதியும் சேர்ந்து அதன்மேல் கறுத்த தோல் போலப் படிந்திருப்பதால், முதலில் பார்க்கும்போது அங்கே எண் இருப்பதே தெரியாது. பிரேக் கிளீனரைத் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. அலுமினியத்தைக் கீறி, ஆழம் குறைந்த எழுத்துகளை அழித்துவிடும்.

வெளிச்சம் மிக முக்கியம். டார்ச்சை நேராக அடித்தால் உலோகம் பளபளத்து எழுத்துகள் மறைந்துவிடும். பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எண் தெளிவாகத் தெரியும். கண்ணாடி வைத்துப் படிப்பதைவிடக் கைப்பேசியில் படம் எடுப்பதே மேல் என்பேன், ஏனெனில் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும். ஊசி போன்ற மெல்லிய கோடுகளில் எண்ணெய் தங்கிவிடுவதால் ஒய் என்ற ஆங்கில எழுத்தின் கால் மறைந்து வி போலத் தோன்றுவதுண்டு. அப்படியானால் அருகிலுள்ள வகைக் குறியீட்டைப் பாருங்கள்: எம்96/20 என்பது 2.5 லிட்டர் இன்ஜின், 1999 வரை மட்டுமே வந்தது. எம்96/22 என்பது 2000இல் வந்த 2.7 லிட்டர். எம்96/22 என்ற குறியீட்டின் அருகே வி வர வாய்ப்பே இல்லை.

படி 4: எண்ணைப் பிரித்தல்

எட்டு இடங்களில் முதலாவது 6, சிலிண்டர்களின் எண்ணிக்கை. இரண்டாவது, இன்ஜின் வகை: சாதாரண பாக்ஸ்டருக்கு 5, 3.4 லிட்டர் 911க்கு 6, பாக்ஸ்டர் எஸ்-க்கு 7. மூன்றாவது மாடல் ஆண்டு. சேஸிஸ் எண்ணுக்குச் சொன்ன அதே முறை. மீதி ஐந்தும் வரிசை எண்.

மாடல் ஆண்டு வி, டபிள்யூ, எக்ஸ் என்றால் இரட்டை வரிசை. ஒய் என்றால் பெரும்பாலும் இரட்டை வரிசை. மூன்றாவது இடத்தில் 1 இருந்தால் எல்லை எண்களோடு ஒப்பிட வேண்டும்: பாக்ஸ்டருக்கு 65112851, பாக்ஸ்டர் எஸ்-க்கு 67111237, 911க்கு 66114164. இவற்றுக்கு முன்னால் இரட்டை, பின்னால் ஒற்றை என்பதே நடைமுறையில் உள்ள கணக்கு. ஆனால் மாற்றம் நடந்த காலத்தில் இரு வகையும் கலந்தே பொருத்தப்பட்டதால், 2000, 2001 இன்ஜின்களில் எண் சொல்வதை ஊகமாக மட்டுமே கொள்ளுங்கள். விலை பேசும்போது சிறிய ஒற்றை வரிசை என்றே வைத்துப் பேசுவது நல்லது. 2 முதல் 4 வரை என்றால் சிறிய ஒற்றை வரிசை. 5 என்றால் சிறியதும் பெரியதும் இரண்டும் சாத்தியம். 6 முதல் 8 வரை பெரியது.

எண்ணோடு ஏ.டி. என்ற எழுத்துகள் பொறித்திருந்தால் அது மாற்று இன்ஜின். அது எந்த ஆண்டில் தயாரானதோ அந்தக் காலத்துப் பேரிங்கே அதில் இருக்கும். காரின் வயதை வைத்து எதையும் சொல்ல முடியாது. 1999 மாடல் காரில் பெரிய பேரிங் கொண்ட இன்ஜின் உட்கார்ந்திருந்தால் வியப்பதற்கில்லை.

படி 5: கண்ணால் உறுதி செய்தல்

இதற்கு கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் கழற்ற வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும் நாள்தான் தக்க தருணம். பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவைத்து, பேரிங் மூடியை நேர் எதிரில் நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். நடுவிலுள்ள நட் 22 மி.மீ. என்றால் பெரிய பேரிங். இன்ஜினை இரண்டாகப் பிளக்காமல் அது வெளியே வராது. 13 மி.மீ. என்றால் பழைய இரண்டில் ஒன்று. மூடியைக் கழற்றியபின், பேரிங்கைச் சர்க்ளிப் (காடியில் பொருந்தும் வளையக் கிளிப்) பிடித்திருந்தால் இரட்டை வரிசை. சர்க்ளிப் இல்லாமல், வெளி வளையத்தின் காடியில் உள்ள கம்பி வளையம் பிடித்திருந்தால் ஒற்றை வரிசை. மூடியைக் கழற்றுமுன் இன்ஜினை டைமிங்கில் பூட்டி, செயின்களை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களைத் தளர்த்த வேண்டும். புதியவர்கள் இதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே முறை.

பின்சேர்க்கை

முந்தைய உரிமையாளர் பேரிங்கை மாற்றிய ரசீதில் இரட்டை வரிசை என்று எழுதியிருந்ததால், இன்ஜின் பழைய வகை என்று கருதலாமா எனச் சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கருதக் கூடாது. ஒற்றை வரிசைத் தண்டுக்குள்ளேயே இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங்கைப் பொருத்தும் மாற்றுத் தொகுப்பை எல்.என். இன்ஜினியரிங் என்ற உதிரிபாக நிறுவனம் விற்கிறது. ஆகவே ரசீதில் பேரிங்கின் பெயரை மட்டும் பார்க்காமல், தொகுப்பின் பாக எண்ணையும், பொருத்திய தேதியையும், அன்றைய ஓடிய தூரத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.