பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: வேகப்படுத்தப் போய் செய்யும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல வீடுகளில் பீரோ மேல் ஒரு லேப்டாப் பை தூசி படிந்து கிடக்கும். உள்ளே இருப்பது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்; விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே லேப்டாப்பை இயக்கும் இலவச மென்பொருள். அன்றைக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அதை வாங்கிய பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். தம்பிக்கோ மகளுக்கோ படிக்க உதவுமே என்று இறக்கி எடுக்கிறார்கள். காரிமங்கலத்தில் உள்ள என் சர்வீஸ் கடைக்கு அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கனவே லினக்ஸ் போட்டுப் பார்த்தவர்கள். "லினக்ஸ் போட்டா பறக்கும்னாங்க, இதுவும் இழுக்குதுண்ணா" என்பார்கள்.

திறந்து பார்த்தால், வேகப்படுத்துவதற்காகச் செய்த காரியங்களே பாதி வேகத்தைத் தின்றிருக்கும். திரும்பத் திரும்ப என் கண்ணில் படுகிறவற்றை இங்கே சொல்கிறேன்.

பெரிய தவறு, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்காமலே கை வைப்பது. பாப்பாரப்பட்டியில் மாவு மில் வைத்திருக்கும் ஒருவர் போன கோடையில் ஒரு லேப்டாப் கொண்டு வந்தார். அவர் மகன் ஒரே மாதத்தில் உபுண்டு, மின்ட், லுபுண்டு என மூன்று வகை லினக்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். மூன்றிலும் ஒரே கதை. ஆன் செய்ததும் பத்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் மவுஸ் அம்புகூட விட்டு விட்டு நகரும். பத்து நிமிடம் கழித்துத்தான் தகராறு என்றால் முதலில் சூட்டைச் சந்தேகப்பட வேண்டும். கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திரையில், சூட்டைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். வெப்பநிலை 90 டிகிரியை ஒட்டி நின்றது. 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டிய ப்ராசஸர், வெந்துபோகாமல் இருக்க 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

பின்பக்கத்தைக் கழற்றினால் ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் ராகி மாவு. ஈரக்காற்றில் இறுகிப்போய், நகத்தால் உரித்ததும் கம்பளித் துண்டு மாதிரி ஒரே பட்டையாக வந்தது. காற்று போக ஊசிமுனை வழி இல்லை. அதை எடுத்துவிட்டு, காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக ஓர் அரிசி அளவு வைத்து மூடினேன். அதே லுபுண்டு, அதே 2 ஜிபி. வெப்பம் 60-க்கு இறங்கியது, அம்பும் ஒழுங்காக நகர்ந்தது. மூன்று தரம் இன்ஸ்டால் செய்த உழைப்பு அத்தனையும் வீண். பையன் கெட்டிக்காரன், பார்க்க வேண்டிய இடத்தை யாரும் அவனுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பர்கூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் கிரானைட் பட்டறைகளிலிருந்து வரும் லேப்டாப்புகளில் இதே இடத்தில் கல் தூசி இருக்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போர்டில் படும். புளோயர் வைத்து ஊதினால் ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் ஃபேனின் பேரிங் போய்விடும்.

சூடு இல்லையென்றால் அடுத்த ஐந்து நிமிடம் மற்றதை அளந்து பாருங்கள். டெர்மினலில் டாப் என்று அடித்தால் மேலே சிபியு வரியில் சில சதவீதங்கள் வரும். அதில் 'டபிள்யூஏ' என்பதற்குரிய எண் இருபது, முப்பது என்றே நின்றால், ப்ராசஸர் வேலை செய்ய முடியாமல் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிறது என்று பொருள். ரேம் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் 'அவைலபிள்' எண் சுருங்கிக்கொண்டே வந்து, ஸ்வாப் (ரேம் பற்றாதபோது டிஸ்க்கில் கடன் வாங்கும் இடம்) எண் ஏறிக்கொண்டே போனால் ரேம் பற்றவில்லை. இரண்டும் இல்லாமல் சிபியு நூறில் நின்றால், எந்த புரோகிராம் பிடித்து இழுக்கிறது என்று டாப்பே காட்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஃப்ரீ கட்டளையைத் தப்பாகப் படிப்பதும் ரொம்பப் பொதுவானது. 'ஃப்ரீ' என்ற கட்டத்தில் 90 எம்பிதான் மிச்சம் என்று தெரிந்ததும் பதறிவிடுகிறார்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில், சற்று முன் டிஸ்க்கிலிருந்து படித்த ஃபைல்களை வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் உடனே கொடுக்கலாம். வேறு புரோகிராமுக்கு இடம் வேண்டுமென்றால் அந்தக் கணமே விட்டுக்கொடுத்துவிடும். அஞ்சறைப் பெட்டியை அடுப்பு மேடையிலேயே வைத்துக்கொள்வது மாதிரிதான் இது. இந்தக் கேஷை அரை மணிக்கு ஒரு தரம் காலி செய்ய ஸ்கிரிப்ட் போட்டு வைத்திருக்கும் லேப்டாப்புகள் எனக்கு வந்திருக்கின்றன. அஞ்சறைப் பெட்டியை அரை மணிக்கு ஒரு தரம் பரணில் தூக்கி வைத்தால் சமையல் வேகமாகவா நடக்கும்? பார்க்க வேண்டிய எண் 'அவைலபிள்' ஒன்றுதான்.

இதோடு சேர்ந்து வருவது ஸ்வாப்பை அடியோடு அணைத்துவிடுவது. ஸ்வாப் வந்தால் மெதுவாகிறது, ஆகவே ஸ்வாப்பே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். 2 ஜிபி மெஷினில் அதை அணைத்தால், ரேம் தீரும் நேரத்தில் திரை அப்படியே உறைந்து நிற்கும், இல்லையென்றால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அது திறந்திருக்கும் பிரவுசர். அதற்குப் பதில் இசட்ரேம் போடுங்கள். இது ரேமிலேயே ஒரு பகுதியை ஸ்வாப்பாக வைத்து, அதில் போகும் தரவை அமுக்கிச் சுருக்கி வைக்கும். சாதாரணமாக இரண்டு, மூன்று மடங்கு சுருங்கும். டிஸ்க் வரை போய் வருவதோடு ஒப்பிட்டால் சுருக்கி விரிக்க ஆகும் நேரம் ஒன்றுமே இல்லை. 2014-இல் வந்த 3.14 கர்னலிலிருந்து இது லினக்ஸின் பகுதியாகவே இருக்கிறது. டெபியன் வகை லினக்ஸில் இசட்ரேம் டூல்ஸ் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, ரேமில் பாதி அளவு கொடுத்தால் போதும். டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் இருக்கட்டும். முன்னுரிமையை மட்டும் குறைத்து வையுங்கள்.

ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் எண்ணை 0 ஆக்கு, 1 ஆக்கு என்று பழைய குறிப்புகள் சொல்லும். அது டிஸ்க் ஸ்வாப்பை மனதில் வைத்துச் சொன்னது. இசட்ரேம் இருக்கும்போது எண் கூடுதலாக இருப்பதே நல்லது. 5.8 கர்னலிலிருந்து 200 வரைகூட வைக்கலாம். 100-க்கு மேல் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

காசு செலவழிப்பதில் நடக்கும் தவறு, முதலில் ரேமை வாங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடும் எஸ்எஸ்டியைத் தள்ளிப்போடுவது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தகடு சுற்றும். அதன் மேல் படிக்கும் முனை முன்னும் பின்னும் ஓடும். லேப்டாப்பில் வரும் 5400 சுற்று டிஸ்க்கால் நொடிக்கு நூறு வேறு வேறு இடங்களுக்குப் போய்ப் படிப்பதே கஷ்டம். பூட் ஆகும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். எஸ்எஸ்டியில் ஓட வேண்டிய முனையே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். லேப்டாப்பில் டிஸ்க்கை இணைக்கும் வழி பழைய சாட்டா 2 என்றாலும் பரவாயில்லை. அதன் நொடிக்கு 300 எம்பி எல்லை பெரிய ஃபைல் நகலெடுக்கும்போதுதான் தெரியும். என் கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியைத்தான் வாங்குவேன். அப்புறம் ரேம். வாங்கும் முன் வோல்ட்டைப் பாருங்கள். சில மெஷின்கள் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேமை மட்டுமே ஏற்கும், 1.5 வோல்ட் துண்டைப் போட்டால் திரையே வராது.

டிஸ்க் சாகும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி இன்ஸ்டால் செய்வது இன்னும் மோசம். ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு டிஸ்க்கின் அறிக்கையை எடுங்கள். டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் கணக்கு வைக்கும் ரீஅலோகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் இரண்டின் கடைசி எண்ணும் சுழியமாக இருக்க வேண்டும். பெண்டிங் எண் ஏறியிருந்தால் முதல் வேலை கல்யாண போட்டோக்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் பென்டிரைவுக்கு எடுப்பது. வேகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

டிஸ்க்கை வேகப்படுத்தவென்று சிலர், லினக்ஸின் ஃபைல் அமைப்பான இஎக்ஸ்டி4-இன் ஜர்னலை, அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டை, அணைக்கிறார்கள். இந்த வயது லேப்டாப்புகளில் பேட்டரி செத்துப்போய் வெறும் சார்ஜரில் ஓடும். நம் ஊரில் ஒரு கோடை மழைக் காற்றடித்தாலே கரண்ட் போகும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வேறு. ஜர்னல் இருந்தால் மெஷின் திடீரென நின்றாலும் அடுத்த பூட்டில் சில நொடியில் ஃபைல் அமைப்பு சீராகிவிடும். இல்லையென்றால் முழு டிஸ்க்கையும் சரிபார்க்க நெடுநேரம் ஆகும். ஃபைல்கள் தொலையவும் செய்யும். அதில் கிடைக்கும் சொற்ப வேகத்துக்காக இந்த ஆபத்து வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பேட்டரி உப்பியிருந்தால் அது தனி ஆபத்து, உடனே கழற்றிவிடுங்கள்.

எந்த லினக்ஸைப் போடுவது என்பதில் இரண்டு தவறுகள். பழைய மெஷினுக்குப் பழைய வெர்ஷன் என்று பத்து வருடத்துக்கு முந்தையதைத் தேடிப் போடுவது ஒன்று. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வராது, அதிலுள்ள பிரவுசரில் பேங்க் தளமே திறக்காது. 64-பிட் ப்ராசஸரில் 32-பிட் போடுவது இன்னொன்று. ரேம் கொஞ்சம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் குரோம் 2016-லேயே 32-பிட் லினக்ஸைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் இன்ஸ்டாலரே கிடையாது. எல்எஸ்சிபியு கட்டளையில் 64-பிட் என்று ஒரு சொல் தெரிந்தால் தயங்காமல் 64-பிட் போடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் உள்ள எதுவும் சரி: டெபியன், எம்எக்ஸ், மின்ட், லுபுண்டு. 1 ஜிபி ரேம்தான் என்றால் ஆன்டிஎக்ஸ்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, பிரவுசரில் பதினைந்து டேப் திறந்தால் எல்லாம் போச்சு. லேசான டெஸ்க்டாப் 400, 500 எம்பியில் நின்றுவிடும்; ஒரு கனமான இணையதளத்தின் ஒற்றை டேப் அதே அளவைத் தனியாகத் தின்னும். பாலக்கோட்டிலிருந்து டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கும் ஒரு தங்கை வந்திருந்தாள். "வகுப்பு வீடியோ நிக்குதுண்ணா, குரல் முன்னால போகுது, போர்டுல எழுதறது பின்னால வருது" என்றாள். நெட்டில் குறை இல்லை. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது. 2011 வாக்கில் வந்த சிப்களுக்கு அவற்றைப் பிரிக்கத் தனி வன்பொருள் இல்லை, எல்லா வேலையும் ப்ராசஸர் தலையில் விழும். ஹெச்.264 அதைவிட லேசானது. அந்த வடிவத்தில் மட்டும் அனுப்பச் சொல்லும் ஒரு எக்ஸ்டென்ஷனும், விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினும் போட்டு, தரத்தை 480-க்கு இறக்கினேன். போர்டில் எழுதுவது தெளிவாகத் தெரிகிறதா என்று அவளையே பார்க்கச் சொன்னேன். கரும்பலகைக்கு 480 தாராளம். வீடியோ நிற்காமல் ஓடியது.

மற்றவை சின்ன விஷயங்கள். பூட் ஆகும்போது எதற்கு எத்தனை நொடி ஆனது என்று சிஸ்டம்டி அனலைஸ் பிளேம் கட்டளை காட்டும் பட்டியலில் மேலே இருப்பதையெல்லாம் அணைக்காதீர்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்தே ஓடும், மேலே இருப்பதுதான் பூட்டைத் தாமதப்படுத்துகிறது என்று அர்த்தமில்லை. அதற்குப் பதில், ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதைக் காட்டும் கிரிட்டிகல் செயின் பட்டியலைப் பாருங்கள். மிட்டிகேஷன்ஸ் ஆஃப் என்ற கர்னல் குறிப்பைப் போட்டால் கொஞ்சம் வேகம் வரலாம். ஆனால் ப்ராசஸரில் உள்ள ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் போட்ட பூட்டையே அது கழற்றிவிடும். பேங்க் வேலை பார்க்கும் மெஷினில் வேண்டவே வேண்டாம்.

ஒரே நாளில் ஐந்து மாற்றம் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. மில்காரர் மகனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம். தேதி, என்ன செய்தான், பூட் ஆக எத்தனை நொடி, பிரவுசர் திறக்க எத்தனை நொடி. பலன் தராததை மறுநாளே பழையபடி ஆக்கிவிட வேண்டும். போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். நான்கு வரிகள் அடித்து விடப்பட்டிருந்தன. ஐந்தாவது வரியில் எஸ்எஸ்டி: பூட் 1 நிமிடம் 50 நொடியிலிருந்து 24 நொடி. அதற்குக் கீழே அவனாகவே எழுதியிருந்தான்: லேப்டாப்பை மில்லிலிருந்து வீட்டுக்கு மாற்றியாச்சு.